சுவரிலிருந்து முதல் ஐந்தடி: கலிஃபோர்னியா வீட்டைக் காட்டுத்தீக்குத் தயார் செய்வது எப்படி?

காட்டுத்தீ என்றதும் பலர் மனத்தில் எழுவது ஒரே காட்சிதான். மலைச்சரிவில் தென்னை உயரத்துக்கு நெருப்பு எழும்பி, உருண்டு இறங்கி, வீட்டை அப்படியே விழுங்குகிறது. கலிஃபோர்னியாவில் மலையோரம் வீடு வாங்கும் நம்மவர்களும் இதை நினைத்துக்கொண்டு கொல்லைப்புறத்து மரங்களை அண்ணாந்து பார்த்துக் கவலைப்படுகிறார்கள். முன்வாசலில் மொறுமொறுவென்று காய்ந்து தொங்கும் மாவிலைத் தோரணம் கண்ணில் படுவதில்லை.

2018 நவம்பர் 8 அன்று பாரடைஸ் என்ற ஊர் எரிந்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அந்தத் தீயின் படங்களை உற்றுப் பாருங்கள். வீடு இருந்த இடத்தில் சாம்பலும் புகைபோக்கியும் மட்டும் மிச்சம். பக்கத்திலேயே பைன் மரம் பச்சையாக நிற்கும். நெருப்புச் சுவர் வந்திருந்தால் மரம்தான் முதலில் போயிருக்கும். வந்தது பொறி. எரியும் பட்டைத் துண்டு, ஊசியிலை, கூரைச் சில்லு என்று காற்று கிளப்பும் பொறிகள் ஒரு மைலுக்கு அப்பாலும் போய் விழும். 2017-ல் 'டப்ஸ்' என்று பெயரிடப்பட்ட தீ அகலமான 101 நெடுஞ்சாலையைத் தாண்டி சான்டா ரோசாவின் காஃபி பார்க் குடியிருப்பை எரித்தது இப்படித்தான். காஃபி பார்க் மலைமேல் இல்லை, சமதரை. அரசு வரைபடத்தில் 'மிக அதிக அபாயம்' என்ற நிறமும் அதற்குப் பூசப்பட்டிருக்கவில்லை.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் இதைச் சோதித்தே பார்த்தார். 1990-களின் பிற்பகுதியில் கனடாவின் வடக்கே, காட்டின் ஓரத்தில் 10, 20, 30 மீட்டர் தூரங்களில் மரச் சுவர்களை நிறுத்திவிட்டு, மரமுடி வரை எரியும்படி காட்டுக்குத் தீ வைத்தார்கள். 10 மீட்டரில் இருந்த சுவர்களில் சில பற்றின, சில பற்றவில்லை. 30 மீட்டரில் இருந்தவை பற்றவே இல்லை. பெரிய தீ ஒரே இடத்தில் உக்கிரமாக எரிவது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அந்த நேரத்துக்குள் அவ்வளவு தூரத்துச் சுவரைப் பற்றவைக்க அதன் வெப்பம் போதாது. கலிஃபோர்னியச் சட்டம் வீட்டைச் சுற்றி 100 அடி, அதாவது 30 மீட்டர், துப்புரவு கேட்பதற்கும் இந்தக் கணக்கு பொருந்தி வருகிறது.

ஆகவே காட்டை வெட்டுவதில் ஆரம்பிக்காதீர்கள். சுவரில் ஆரம்பித்து வெளியே போங்கள். கையில் காசும் நேரமும் குறைவாக இருந்தால் முதல் ஐந்தடியோடு நிறுத்தினாலும் பாதி வேலைக்கு மேல் முடிந்த மாதிரி.

பெருக்குவதற்கு முன் ஒரு சுற்று

காற்று பலமாக அடித்த மறுநாள் காலை, பெருக்குவதற்கு முன்பு, வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். அளவு நாடா, டார்ச், போன், ஒரு சாக்பீஸ் போதும். சருகு எங்கெல்லாம் குவிந்து கிடக்கிறது என்று பாருங்கள்: படிக்கட்டின் மூலை, வீட்டை ஒட்டிய மரத் தளமான 'டெக்'கின் அடி, கராஜ் கதவின் இடுக்கு, கூரை மடிப்பு, வேலி வந்து சுவரைத் தொடும் இடம். காற்று சருகைக் கொண்டுவந்து போடும் இடத்தில்தான் பொறியையும் கொண்டுவந்து போடும். ஒவ்வொரு இடத்தையும் படம் எடுங்கள். இந்தப் படங்கள்தான் உங்கள் வேலைப் பட்டியல். பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டவும் உதவும்.

மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயரின் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் மிதம், அதிகம், மிக அதிகம் என்ற மூன்றில் எந்த அபாயப் பகுதி என்று தெரியும். நகராட்சிகளுக்குள் வரும் இடங்களுக்கான வரைபடம் 2025-ல் புதுப்பிக்கப்பட்டதால், பழைய பத்திரத்தில் இருப்பதை நம்ப வேண்டாம். நிறம் எதுவும் இல்லையென்றால் நிம்மதி என்றும் நினைக்க வேண்டாம். காஃபி பார்க்கை மேலே சொன்னோம்.

கூரையும் தண்ணீர் வாய்க்காலும்

கூரைக்கு 'கிளாஸ் ஏ', அதாவது தீ தாங்குவதில் மிக உயர்ந்த தரம் வேண்டும். இன்றைய ஃபைபர்கிளாஸ் ஆஸ்ஃபால்ட் ஷிங்கிள், ஓடு, கான்கிரீட் ஓடு பெரும்பாலும் இந்தத் தரத்தில் வரும். தகரக் கூரைக்கு அடியில் போடும் விரிப்பையும் சேர்த்தே தரம் சொல்வார்கள், கேட்டு வாங்குங்கள். மரச் சில்லுக் கூரை என்றால் வேறு பேச்சில்லை, மாற்ற வேண்டும். மற்ற எல்லா வேலையும் அதற்குப் பின்னால்தான்.

நம்ம ஊர் நாட்டு ஓடு போல வளைந்த ஓடு போட்ட வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. கூரை ஓரத்தில், ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே அரைவட்டப் பொந்து திறந்து கிடக்கும். குருவி உள்ளே கூடு கட்டும். காய்ந்த புல், இறகு, சுள்ளி என்று அடுப்பு மூட்டத் தேவையான எல்லாம் அங்கே தயாராக இருக்கும். மேலே உள்ள ஓடு எரியாது. பொறி உள்ளே போய்ப் பலகையைப் பற்றவைக்கும். 'பேர்ட் ஸ்டாப்' என்று தகரத்தில் வரும் அடைப்பை வாங்கிப் போடுங்கள், அல்லது சிமெண்ட் கலவையால் அடையுங்கள். சோலார் தகட்டின் அடியிலும் இதே கூடு, இதே சருகு. சுற்றிலும் கம்பி வலை அடிப்பது நல்லது.

அடுத்து, கூரையின் ஓரத்தில் ஓடும் மழைத்தண்ணீர் வாய்க்கால், இங்கே 'கட்டர்' என்பது. கூரை கிளாஸ் ஏ-வாக இருந்தும் வீடு போவதற்கு இது அடிக்கடி காரணம். வாய்க்காலில் சருகு எரியும்போது சுடர் கூரையின் மேற்பரப்பைத் தாக்குவதில்லை. பக்கவாட்டில் பலகையின் விளிம்பைத் தாக்குகிறது. பிளாஸ்டிக் வாய்க்கால் என்றால் உருகி, எரிந்தபடியே சுவரடியில் விழும். உலோக வாய்க்கால், உலோக மூடி, ஷிங்கிள் விளிம்பை மூடும் தகரப் பட்டை மூன்றும் இருக்க வேண்டும். மூடி போட்டால் சுத்தம் செய்யத் தேவையில்லை என்று விற்பவர் சொல்வார். ஊசியிலை மூடியின் மேலேயே படுக்கை போட்டுக் கிடக்கும். கோடை தொடங்கும்முன் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை ஏறிப் பார்த்தே ஆக வேண்டும்.

காற்றுத் துளைகள்: ஒரு நூல் கணக்கு

இதில்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். வீட்டின் பரணுக்கும், தரைக்கு அடியில் உள்ள 'கிரால் ஸ்பேஸ்' என்ற தவழும் இடைவெளிக்கும் காற்றோட்டம் வேண்டும் என்று பல இடங்களில் துளை விட்டிருப்பார்கள்: முகட்டில், முக்கோணச் சுவரில், சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரமான இறவாணத்தின் அடியில், அஸ்திவாரத்தில். பழைய வீடுகளில் இவற்றின் வலைக் கண் பெரும்பாலும் கால் அங்குலம். எலிக்கு அது போதும், பொறிக்குப் போதாது. புயல்காற்றில் பொறி உள்ளே நுழைந்து, பரணில் கிடக்கும் அட்டைப்பெட்டியிலோ தூசியிலோ உட்கார்ந்து புகையும். வெளியே ஒன்றும் தெரியாது. வீடு உள்ளிருந்து பற்றும்.

கலிஃபோர்னியாவின் கட்டட விதி வலைக் கண் 1/16-லிருந்து 1/8 அங்குலத்துக்குள் இருக்கச் சொல்கிறது. நம்ம ஊர்த் தச்சர் கணக்கில் சொன்னால் ஒரு நூலுக்கு மிஞ்சக் கூடாது. துருப்பிடிக்காத உலோகக் கம்பி வலையாக இருக்க வேண்டும். நைலான், ஃபைபர்கிளாஸ் கொசுவலை சூட்டில் நொடியில் சுருங்கிவிடும்.

இருக்கும் துளையிலேயே வலையை மாற்றுவதானால் முறை இது:

1. எல்லாத் துளைகளையும் எண்ணி, சாக்பீஸால் எண் போட்டு, நீள அகலம் குறித்துக்கொள்ளுங்கள்.
2. ஹார்ட்வேர் கடையில் 1/8 அங்குலக் கண் கொண்ட கால்வனைஸ்டு 'ஹார்ட்வேர் கிளாத்' சுருளாகக் கிடைக்கும். துளையைவிட நாலு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு, தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.
3. முடிந்தவரை உட்பக்கமிருந்து, வாஷர் வைத்த திருகாணியால் நாலைந்து அங்குலத்துக்கு ஒன்றாக முடுக்குங்கள். ஸ்டேப்ளர் முள்ளை மட்டும் நம்பினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்த இடுக்கு போதும்.
4. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள விரிசலைத் இடுக்கை அடைக்கும் பசையான, தீ தாங்கும் 'காக்' போட்டு அடையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, துளையை அடியோடு அடைத்துவிடாதீர்கள். ஈரம் உள்ளே தங்கி ஓரிரு குளிர்காலத்தில் பலகை பூஞ்சை பிடித்து இற்றுவிடும். கண் சிறுத்தால் காற்று வரத்தும் குறையும் என்பதால், துளை எண்ணிக்கை போதுமா என்று கட்டடத் துறையிலோ கான்ட்ராக்டரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, துணி உலர்த்தும் இயந்திரத்தின் புகைக்குழாய்க்கு வலை போடவே கூடாது. பஞ்சு வந்து அடைத்துக்கொண்டு அதுவே தீ விபத்தாகும். அதற்கு, ஓடாதபோது தானாக மூடிக்கொள்ளும் உலோக மடல்தான் சரி.

செலவு செய்ய முடிந்தவர்கள் ஏஎஸ்டிஎம் ஈ2886 சோதனையில் தேறிய, மாநிலத் தீயணைப்புத் தலைமை அலுவலகத்தின் பட்டியலில் உள்ள காற்றுத் துளைச் சட்டங்களை வாங்கலாம். சிலவற்றில் சூடு பட்டதும் உப்பி அடைத்துக்கொள்ளும் பூச்சு இருக்கும். வலைக்கு மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். வலைக் கண் அடைபடும், உப்பும் பூச்சும் கெடும்.

அந்த ஐந்தடி

சுவரிலிருந்து ஐந்தடிக்குப் பற்றக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. டெக் இருந்தால் அதன் விளிம்பிலிருந்து ஐந்தடி. 2020-ல் நிறைவேறிய ஏபி 3074 சட்டம் இதை 'ஸோன் ஜீரோ' என்று தனியாகப் பிரித்தது. எந்தச் செடிக்கு இடம், பழைய வீட்டுக்கு எவ்வளவு அவகாசம் போன்ற நுணுக்கங்களில் சர்ச்சை நிறைய நடந்தது; உங்கள் ஊர் நிலவரத்தை உள்ளூர் தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நம் வீடுகளின் முன்வாசலை மட்டும் எடுத்துக்கொள்வோம். தேங்காய் நார் மிதியடி, தோரணம், காய்ந்த பூச்சரம், செருப்பு வைக்கும் மரத்தட்டு, சுவரில் சாய்த்த ஈர்க்குத் துடைப்பம், மல்லிகைக் கொடி ஏற்றிய மரப் பந்தல், பிளாஸ்டிக் தொட்டியில் கறிவேப்பிலை. ஒவ்வொன்றும் பொறிக்குத் திண்டு போட்ட இருக்கை. தேங்காய் நாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொசு விரட்ட எதைக் கொளுத்துகிறோமோ அதையே கதவடியில் விரித்து வைத்திருக்கிறோம். நாருக்குப் பதில் உலோகச் சட்ட மிதியடி போடுங்கள். தோரணத்தைப் பண்டிகை முடிந்த வாரமே எடுத்துவிடுங்கள். கறிவேப்பிலையையும் துளசியையும் மண் தொட்டிக்கு மாற்றி ஐந்தடி தள்ளி வையுங்கள்.

சுவரைச் சுற்றி வழக்கமாக மரப்பட்டைத் தூள், 'மல்ச்', பரப்பியிருப்பார்கள். நெவாடா பல்கலைக்கழக விரிவாக்கத் துறையினர் பல வகை மல்ச்சை எரித்துப் பார்த்தபோது, உயரச் சுடரும் அதிகச் சூடும் கொடுத்தது ரப்பர் மல்ச். நார் நாராகக் கிழித்த சீடர் பட்டையில் தீ வேகமாகப் பரவியது. மக்கிய மரத்தூளில் சுடர் எழவில்லையென்றாலும் மணிக்கணக்கில் கனிந்துகொண்டே இருக்கும். ஆக இந்த ஐந்தடிக்குள் எந்த மல்ச்சும் வேண்டாம். செயற்கைப் புல்லும் பிளாஸ்டிக்தான்.

பதிலுக்கு ஜல்லி, கல் பலகை, கான்கிரீட். எவ்வளவு ஜல்லி வேண்டும்? 40 அடிக்கு 40 அடி வீடு என்றால் சுற்றளவு 160 அடி. ஐந்தடி அகலத்தில் 800 சதுர அடி, நாலு மூலைக்கும் சேர்த்து 900. இரண்டு அங்குலக் கனம் என்றால் 150 கன அடி, அதாவது ஐந்தரை கியூபிக் யார்டுக்குச் சற்று மேல். ஆறு யார்டு சொல்லுங்கள். ஒரு யார்டு ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். பையில் வாங்கிக் காரில் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஜல்லி கொட்டும்போது நடக்கும் தவறு, உயரத்தை ஏற்றிவிடுவது. ஸ்டக்கோ என்ற சிமெண்ட் கலவை பூசிய சுவரின் அடியில் நீளவாக்கில் ஒரு தகரப் பட்டை தெரியும். சுவருக்குள் புகுந்த ஈரம் வடியும் வழி அது. மண்ணிலிருந்து நாலங்குலமாவது மேலே அது நிற்க வேண்டும். அதை மூடினால் தீயிலிருந்து தப்பிய சுவர் ஈரத்தில் அழுகும். எனவே முதலில் பழைய மல்ச்சையும் இரண்டங்குல மண்ணையும் வாரி எடுங்கள். தரை சுவரிலிருந்து வெளிநோக்கிச் சாயட்டும். மரமோ வினைலோ பொருத்திய சுவரானால் அடி ஆறு அங்குலத்துக்காவது எரியாத பொருள் வேண்டும்: தெரியும் கான்கிரீட் அஸ்திவாரம், சிமெண்ட் நார்ப் பலகை, அல்லது தகரம். சுவரடியில் விழுந்து உருளும் பொறி தொடுவது அந்த ஆறு அங்குலத்தைத்தான்.

ஜல்லியிலும் சருகு சேரும். வாரம் ஒருமுறை சருகை ஊதித் தள்ளும் புளோயர் பிடிக்க வேண்டும்.

வேலி, டெக், ஜன்னல்

மரவேலி சுவரில் வந்து முட்டினால் அது திரி. தெருமுனையில் பற்றியது வேலி வழியே ஊர்ந்து வந்து உங்கள் சுவரைத் தொடும். முழு வேலியையும் மாற்ற வேண்டாம். வீட்டைத் தொடும் கடைசி ஐந்தடியை மட்டும் இரும்பாக மாற்றுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் கதவு இருக்கும், இரும்புக் கதவாகப் போட்டால் வேலை முடிந்தது. பக்கத்து வீட்டு வேலியும் உங்கள் வேலியும் முதுகோடு முதுகாக நின்றால் அந்த இடுக்கில் பல வருடச் சருகு கிடக்கும். கை நுழையாது, சுத்தம் செய்யவும் முடியாது. பேசி, ஒன்றை எடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது.

டெக்கில் பலகை இடுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்; பெயின்டருடைய தட்டைக் கத்தி இதற்கு வசதி. பலகையும் அடியில் தாங்கும் கட்டையும் சேரும் இடத்தில்தான் சருகு மாட்டி எரிகிறது. பலகை மாற்றும் சமயம் வந்தால் கட்டைகளின் மேல்முகத்தில் ஃபாயில் ஒட்டுநாடா ஓட்டிவிட்டுப் பலகை அடியுங்கள். டெக் சுவரைச் சேரும் கோட்டில் தகரப் பட்டை வேண்டும். அடியில் விறகு, சைக்கிள், பழைய மெத்தை எதுவும் கூடாது. டெக்கின் அடிப்பக்கத்தை மரப் பின்னல் தட்டியால் மறைப்பதைவிட 1/8 அங்குலக் கம்பி வலை மேல். ஊஞ்சல் மாட்டியிருந்தால் அதன் மெத்தையும் திண்டும் கழற்றி உள்ளே வைக்கும்படி இருக்கட்டும்.

ஜன்னலில் கண்ணாடி உடைவதுதான் ஆபத்து. உடைந்தால் பொறி நேரே ஹாலுக்கு வரும். இரட்டைக் கண்ணாடியில் ஒன்றாவது 'டெம்பர்டு', அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியாக இருக்க வேண்டும். கண்ணாடியின் மூலையில் பொறித்த சிறு முத்திரையைப் பார்த்தால் தெரியும். எல்லா ஜன்னலையும் மாற்றுவது பெருஞ்செலவு. பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னல்களை முதலில் மாற்றுங்கள். மற்றவற்றுக்கு உலோகக் கம்பித் திரை போடுங்கள். எந்த ஜன்னலின் கீழும் செடி வேண்டாம். இங்கே அழகுக்காக நெட்டநெடுவென வளர்க்கும் இத்தாலியன் சைப்ரஸ் வெளியே பச்சை. விலக்கிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் காய்ந்த ஊசி. ஜூனிப்பரும் அப்படித்தான். வெட்ட மனம் வராவிட்டாலும் வெட்டுங்கள்.

இறவாணம் திறந்த கட்டையாக இருந்தால் கட்டைக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்குகளைக் காக் போட்டு அடையுங்கள். வசதி வரும்போது சிமெண்ட் நார்ப் பலகையால் மூடுங்கள். கராஜ் கதவின் அடியிலும் பக்கத்திலும் வெளிச்சம் தெரிந்தால் ரப்பர் பட்டை மாற்ற வேண்டும். இடம் மாறி வந்தபோது பிரிக்காமல் விட்ட அட்டைப்பெட்டிகள் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கும்.

ஐந்தடியைத் தாண்டி

5-லிருந்து 30 அடி வரை மெலிந்த, பச்சையான தோட்டம். 30-லிருந்து 100 அடி வரை குறைத்து வைத்த காடு. முழுக்க வழிக்க வேண்டாம். வேர் போனால் அடுத்த மழையில் சரிவு மண்ணாக இறங்கும்.

புல் நாலு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. மரக்கிளைகள் தரையிலிருந்து ஆறடி வரை கழிக்கப்பட்டிருக்க வேண்டும்; சின்ன மரமானால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்காதீர்கள். புகைபோக்கியிலிருந்து கிளை பத்தடி தள்ளி நிற்கட்டும். மரத்தடியில் புதர் இருந்தால், புதரின் உயரத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி விட்டுத்தான் முதல் கிளை. மூன்றடிப் புதர் என்றால் ஒன்பதடி. இல்லாவிட்டால் புதர் ஏணியாகி, தீ மரமுடிக்கு ஏறும்.

புதருக்குப் புதர் உள்ள தூரம் சரிவைப் பொறுத்தது. தீ மேட்டை நோக்கி ஏறும்போது முன்னால் இருப்பதைச் சூடேற்றிக்கொண்டே போகும். சமதரையிலும் 20 விழுக்காடு வரையான சரிவிலும் புதரின் உயரம் போல இரண்டு மடங்கு. 20 முதல் 40 வரை நான்கு மடங்கு. அதற்கு மேல் ஆறு மடங்கு. நாலடிப் புதருக்குச் சமதரையில் எட்டடி, செங்குத்துச் சரிவில் 24 அடி. மரமுடிகளுக்கு இடையே இதே வரிசையில் 10, 20, 30 அடி. விறகு அடுக்கு 30 அடிக்கு அப்பால், சுற்றிலும் பத்தடி வெறும் மண்ணோடு.

காய்ந்த புல்லை இயந்திரம் வைத்து வெட்டுவதானால் காலை பத்து மணிக்குள் முடியுங்கள். கத்தி கல்லில் உரசினால் பொறி பறக்கும்; புல் வெட்டப் போய்த் தீ மூட்டியவர்கள் இங்கே நிறைய உண்டு. பெரிய சரிவானால் ஆட்டு மந்தையை வாடகைக்கு விடுகிறார்கள். கிடை போடுவது நமக்குப் புதிதல்ல. அங்கே எருவுக்காக, இங்கே புல்லுக்காக.

அண்டை வீடு

வீடுகள் 30 அடிக்குள் நெருங்கி நின்றால் உங்களுக்கு மிகப் பெரிய விறகுக்கட்டு அடுத்த வீடுதான். 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தொடங்கிய பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்கள் இரண்டும் சேர்ந்து 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தபோது, பல தெருக்களில் வீட்டிலிருந்து வீட்டுக்கே தீ தாவியது. நீங்கள் மட்டும் சரியாக இருந்து பயன் பாதிதான். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏ நடத்தும் 'ஃபயர்வைஸ் யுஎஸ்ஏ' திட்டத்தில் எட்டு வீடுகள் சேர்ந்தாலே பதிவு செய்யலாம். 2,500 வரை போகலாம். வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு மணி நேர உழைப்பு அல்லது அதற்கு ஈடான செலவைக் கணக்கு காட்ட வேண்டும்.

காப்பீட்டிலும் இது உதவும். 2022-ல் வந்த 'சேஃபர் ஃப்ரம் வைல்ட்ஃபயர்ஸ்' விதிகளின்படி கிளாஸ் ஏ கூரை, ஐந்தடிப் பகுதி, பொறி தாங்கும் துளைகள், சுவரின் அடி ஆறு அங்குலம், மூடிய இறவாணம், ஃபயர்வைஸ் பதிவு போன்ற ஒவ்வொன்றுக்கும் நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும். கேட்காமல் வராது. உங்கள் வீட்டுக்குப் போட்ட தீ அபாய மதிப்பெண்ணையும் கேட்டு வாங்கலாம். தவறென்றால் மேல்முறையீடு செய்யலாம். வேலைக்கு முன், பின் எடுத்த படங்களும் பில்களும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். வீட்டை விற்கும்போதும் இவை தேவைப்படும். 2021 ஜூலை முதல், அதிக மற்றும் மிக அதிக அபாயப் பகுதியில் விற்பவர் நிலத் துப்புரவுச் சான்று காட்ட வேண்டும்.

ரெட் ஃபிளாக் நாள்

வானிலைத் துறை 'ரெட் ஃபிளாக்' எச்சரிக்கை கொடுத்தால் ஈரமில்லாத பலத்த காற்று என்று பொருள். அன்று காலையிலேயே வெளி நாற்காலி, மெத்தை, குடை, மிதியடி, குப்பைத் தொட்டி எல்லாம் சுவரைவிட்டு விலகட்டும், அல்லது உள்ளே வரட்டும். பார்பிக்யூவின் புரோப்பேன் சிலிண்டர் வீட்டைவிட்டுத் தள்ளிப் போகட்டும். காரைப் பின்பக்கமாக நிறுத்தி, தெருவைப் பார்த்து வையுங்கள். கராஜ் கதவு மின்சாரம் இல்லாமல் திறக்குமா என்று பாருங்கள். 2017 தீயில் கதவைத் திறக்க முடியாமல் சிலர் சிக்கிக்கொண்ட பிறகுதான், 2019 ஜூலை முதல் புதிதாகப் பொருத்தும் கதவு மோட்டார்களில் பேட்டரி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பழையது என்றால் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்கிப் பழகுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதைக் காட்டிக்கொடுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். மாவட்ட எச்சரிக்கையில் அவர்கள் போன் எண்ணையும் பதியுங்கள், உங்கள் வெளியேற்றப் பகுதியின் எண்ணைக் குளிர்பெட்டியில் எழுதி ஒட்டுங்கள்.

கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டும். தோட்டக் குழாயோடு கூரையேறி நிற்கும் யோசனை வேண்டாம். எல்லா வீட்டிலும் குழாய் திறந்தால் அழுத்தம் விழும். பாலிசேட்ஸில் மேட்டுத் தெருக்களில் தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய்களான ஹைட்ரண்டுகளே வற்றின. தெளிப்பானையும் ஓடவிட்டுப் போகாதீர்கள்.

நேரம் இருந்தால் மட்டும்: எல்லா ஜன்னலையும் கதவையும் மூடுங்கள், பூட்ட வேண்டாம். திரைச்சீலையைக் கழற்றுங்கள், சோஃபாவை ஜன்னலைவிட்டு அறையின் நடுவுக்குத் தள்ளுங்கள். ஏசியை அணையுங்கள். புகையில் வீடு தெரிய விளக்கைப் போட்டுவையுங்கள். எரிவாயுவை மீட்டரில் மூடுங்கள். பாலியஸ்டர் புடவையோ ட்ராக் பேன்ட்டோ வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி, என்95 முகக்கவசம். பாஸ்போர்ட், விசா ஆவணங்கள், மருந்து, கண்ணாடி, சார்ஜர் ஒரே பையில் முன்பே இருக்க வேண்டும். தாலி, நகை எங்கே என்று அந்த நேரத்தில் தேடக் கூடாது.

அனுமதி கிடைத்துத் திரும்பிய பிறகு முதலில் பரணைப் பாருங்கள். அடுத்து வாய்க்கால், டெக்கின் அடி, விறகு அடுக்கு. கனிந்துகொண்டிருக்கும் ஒரு துண்டு பல மணி நேரம் கழித்தும் சுடர்விடும்; அன்று முழுவதும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச்சோடு ஏறிப் பாருங்கள். மூடிய எரிவாயுவை நீங்களே திறக்க வேண்டாம், அதற்கு எரிவாயு நிறுவனத்து ஆள் வர வேண்டும். அதுவரை சோற்றுக்கு மின்சாரக் குக்கர் போதும்.